அந்த 85 சதவீதத்தில் என் தம்பியும் இருக்கிறான்

தம்பியைச் சேர்த்த போதை மறுவாழ்வு மையத்துக்கு 5க்கு 2 நட்சத்திரம். ஒன்று, இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு. இன்னொன்று, அங்கே யாரையும் அடிக்கவில்லை என்பதற்கு. அடிக்காமல் இருந்ததற்கெல்லாமா நட்சத்திரம் என்று கேட்பீர்கள். போதை மறுவாழ்வு என்ற பெயரில் உலகத்தில் என்னென்ன நடக்கிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தால் கேட்க மாட்டீர்கள். ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்து அடைத்துவைக்கும் மையங்களை மூடுங்கள் என்று ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012இல் ஒன்றாகச் சேர்ந்து அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இது கண்ணியமான இடம்தான். படுக்கை சுத்தம், வெளியே பூட்டு இல்லை, தம்பி அவன் கையாலேயே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தான்.

மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எனக்கும் அவர்களுக்கும் தகராறு என்று ஆகிவிடும், நான் சொல்ல வந்தது அந்த ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் இல்லை. வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் "வெற்றி விகிதம் 85%" என்று எழுதியிருக்கும் எல்லா இடங்களைப் பற்றியும்தான். நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள். ஒரு சதவீதத்தைப் பார்த்தால் எதற்கு எத்தனை, கீழே இருக்கும் எண் எது என்று கேட்பதுதான் என் வேலை. அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும், கைகால் குடைச்சலில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டும் இருந்தான். அந்த நேரத்தில் 85 என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் கணக்கு கேட்கத் தோன்றாது. இந்த மையங்களுக்கு வியாபாரம் நடப்பது அந்த நேரத்தில்தான்.

அவன் கதை ரொம்பச் சாதாரணமானது. விபத்துக்குப் பிறகு வலி மாத்திரை, மாத்திரை கிடைக்காதபோது வேறு மாத்திரை, அப்புறம் ஹெராயின்.

முதல் பத்து நாள் போதையை உடம்பிலிருந்து இறக்கும் கட்டம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நர்ஸ் அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தம்பிக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர், குடிக்காகச் சேர்ந்தவர். கடைசியாகக் குடித்து மூன்றாவது ராத்திரி, விரல்கள் போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டே இருந்தன, சுவரில் ஏதோ ஊர்கிறது என்கிறார். என் தம்பி வலி தாங்காமல் கத்திக்கொண்டிருக்கிறான், நர்ஸ் அவன் பக்கம் திரும்பாமல் அந்தப் பெரியவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம். அப்புறம் அவரே சொன்னார், "உங்க தம்பிக்கு செத்துடுவோம்னு தோணும், ஆனா சாக மாட்டார்மா. இவருக்கு ஒண்ணும் தோணாது, ஆனா இவர்தான் போயிடுவார்." பிறகு படித்தபோது அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் நான்கு நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம், அதற்கு மருந்தும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் தேவை. ஹெராயினை நிறுத்துவது நரகம், ஆனால் நிறுத்துவதனாலேயே சாவது அபூர்வம். ஹெராயின்காரர்களின் ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. அதையும் அவர்தான் சொன்னார்: "இந்தப் பத்து நாள் சுலபம். வீட்டுக்குப் போன பிறகுதான் பயமே." மாதம் முழுக்க அந்த இடத்தில் நான் கேட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அது. எந்தக் கவுன்சிலரும் சொல்லவில்லை.

அப்புறம் இருபது நாள் வகுப்புகள். வட்டமாக உட்கார வைத்து, நடுவில் ஒருவரை நிறுத்தி, மற்றவர்கள் அவர் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். உடைத்தால்தான் திருத்த முடியும் என்பது அங்கே தலைமைக் கவுன்சிலரின் தத்துவம். தம்பி ஒரு நாள் அம்மாவின் வளையலை விற்றதை ஒப்புக்கொண்டான், அவர் விடவில்லை, "இன்னும் மறைக்கிற, பொய் சொல்ற" என்று அரைமணி நேரம் துருவியிருக்கிறார். கடைசியில் செய்யாத ஒன்றையும் செய்ததாகச் சொல்லிவிட்டு வந்து படுத்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னான். இந்த முறைக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று தேடினேன். எதிர் ஆதாரம்தான் கிடைத்தது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எந்த அளவுக்கு முட்டி மோதினாரோ அந்த அளவுக்கு வந்தவர் ஒரு வருடம் கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அவமானப்படுத்தினால் திருந்துவான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டில் நாங்களும் அதைத்தானே வருடக்கணக்கில் செய்தோம், அதில் திருந்துகிறவனாக இருந்தால் அந்த மையத்துக்கே வந்திருக்க மாட்டானே.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தாருக்கு வகுப்பு. அதில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: கை கழுவிவிடுங்கள், அடிமட்டத்தைத் தொடட்டும், தானாக வருவான். அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இதற்கு நேர்மாறான ஒரு முறை இருக்கிறது, ஆங்கிலத்தில் சுருக்கமாக கிராஃப்ட் என்கிறார்கள். போதையில் இருக்கும்போது சண்டை போடாதே, தெளிவாக இருக்கும்போது கூட உட்கார்ந்து பேசு, அவன் செய்த தப்பின் விளைவை நீ போய்த் துடைக்காதே, சிகிச்சைக்குக் கூப்பிட சரியான நேரம் பார்த்துக் கேள் என்று குடும்பத்துக்குப் பழக்குவது. குடிப்பவர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்று பிரிவாக்கி 1999இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சையே வேண்டாம் என்று அடம்பிடித்தவர்களில் இந்த முறையில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள்; எல்லோரும் கூடி நின்று எதிர்கொள்ளும் முறையில் 30; விலகி நின்று உன்னைப் பார்த்துக்கொள் என்ற முறையில் 13. அம்மாவின் நோட்டில் இருந்தது அந்தப் பதின்மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவுரை. நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த 13 சதவீத முறை குடும்பத்தாரின் மனநிம்மதிக்காக உருவானது, ஆளை வரவழைக்க உருவானதே இல்லை. அதை அதன் வேலைக்கு வைத்துக்கொண்டால் தப்பில்லை.

முப்பதாவது நாள் விழா. சான்றிதழ், கைதட்டல், போட்டோ. படிப்பு முடித்த மாதிரி. என் புகார் எல்லாம் உண்மையில் இந்த விழாவில்தான் தொடங்குகிறது. 90 நாளுக்குக் குறைவான சிகிச்சைக்குப் பலன் குறைவு என்று அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. முப்பது நாளில் எதுவும் முடிவதில்லை. ஆனால் சான்றிதழ் கொடுத்தால் முடிந்துவிட்டது என்று அவனும் நினைத்தான், நாங்களும் நினைத்தோம், நிர்வாகம் ஒரு பெட்டியில் டிக் போட்டுக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பதினோராவது நாள். குளியலறைக் கதவு உள்ளே தாழிடப்படவில்லை, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். தரையில் ஒருக்களித்துக் கிடந்தான், உதடு கத்தரிப்பூ நிறம், தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு கரகரப்பு, அதுவும் எண்ணி எண்ணி ஒரு தடவை. தூங்குகிறான் என்று நினைத்து ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர் மூக்கில் நாலாக்ஸோன் அடித்தார், ஹெராயினின் பிடியை முறிக்கும் மருந்து அது, கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது, கண் திறந்து எங்களைத் திட்டினான். அந்த வசவைப் போல் இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. எழுந்துவிட்டான் என்று விடாதீர்கள், இந்த மருந்து இறங்கினால் மறுபடி மூச்சு நிற்கலாம் என்று சொல்லி அவர் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: நாலாக்ஸோன் அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும், உள்ளே இருக்கும் சரக்கு அதைவிட நீண்டு நிற்கலாம்.

அங்கே டியூட்டி டாக்டர் கேட்டார்: "வெளியே வந்த பிறகு பழைய அளவே எடுத்தா என்ன ஆகும்னு அந்த சென்டர்ல சொல்லலையா?" சொல்லவில்லை. ஒரு மாதம் நிறுத்தினால் உடம்பு தாங்கும் சக்தி இறங்கிவிடும், கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். லண்டனில் 137 பேரை வைத்துச் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. உள்நோயாளியாக இருந்து சிகிச்சையை ஒழுங்காக முடித்து, உடம்பின் தாங்குதிறன் போனவர்கள் 37 பேர். நான்கு மாதத்துக்குள் ஓவர்டோஸில் இறந்த மூன்று பேரும் அந்த 37க்குள் இருந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் ஒருவரும் அப்படி இறக்கவில்லை. சிறையிலும் இதே கதைதான்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு. இந்த எண் 2007இலேயே அச்சில் வந்துவிட்டது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இனி அந்த 85க்கு வருகிறேன்.

மூன்று மாதம் கழித்து மையத்திலிருந்து போன். அம்மா எடுத்தார். "தம்பி நல்லா இருக்காராம்மா? திரும்ப எதுவும் எடுக்கலையே?" அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார், "நல்லா இருக்கான்மா, ஒண்ணும் இல்ல" என்றார். வைத்துவிட்டு, "என்ன சொல்லச் சொல்ற, யாரோ ஒரு பொண்ணுகிட்ட" என்றார். அன்றைக்கு அவன் மூன்றாவது முறையாகப் பழக்கத்தில் விழுந்து, உள்ளறையில் படுத்துக்கிடந்தான். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பெண் ஏதோ ஒரு ரெஜிஸ்டரில் ஒரு கட்டத்தை டிக் செய்திருப்பார், அந்த டிக் மேலே போய்ச் சுவரில் 85 ஆகியிருக்கும்.

அதற்கடுத்த வாரம் நேரில் போனேன், சண்டைக்கு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். அந்த எண் எப்படி வந்தது என்று மேலாளரிடம் கேட்டேன். "எங்க அனுபவக் கணக்கு மேடம்" என்றார். விடாமல் கேட்டதில் ரெஜிஸ்டரைக் காட்டினார், நல்ல மனுஷர்தான், ஒளிக்கவில்லை, அதில் ஒளிக்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. பெயர், சேர்ந்த தேதி, முடித்த தேதி, போன் செய்த தேதி, கடைசியில் "பயன்படுத்துகிறாரா: ஆம் / இல்லை". பாதியில் போனவர்களின் பெயர் மேல் ஒரு கோடு. போன் எடுக்காதவர்களுக்கு எதிரே வெற்றிடம். கணக்கு புரிந்துவிட்டது. சும்மா ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்: 100 பேர் சேர்கிறார்கள், 40 பேர் பாதியில் போகிறார்கள், அவர்கள் கோடு. மீதி 60. மூன்று மாதம் கழித்துப் போன் எடுப்பவர்கள் 35. அதில் 30 பேர் வீட்டில் "நல்லா இருக்கான்". 35க்கு 30 என்றால் 85ஐத் தாண்டிவிடுகிறது. அதே முப்பதை 100க்குக் கீழே வைத்தால் 30. அந்த முப்பதுக்குள்ளும் என் அம்மா மாதிரி எத்தனை பேரோ. ஒரு கடையின் வரவு செலவில் இப்படி எழுதினால் தணிக்கைக்காரர் கையெழுத்துப் போட மாட்டார்.

முறையாக ஆராய்ச்சி செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தால் இந்த ஓட்டையெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. முதல் நாள் உள்ளே வந்த ஒவ்வொருவரும் கடைசிவரை கணக்கில் இருக்க வேண்டும், ஓடிப்போனவரும் சேர்த்து. தொடர்பே இல்லாமல் போனவரைப் பல ஆய்வுகளில் மறுபடி பழக்கத்துக்குப் போனவராகவே எழுதிவிடுகிறார்கள். வாய் வார்த்தையோடு சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு, அதுவும் பெரும்பாலான பொருள்களுக்குக் கடைசிச் சில நாள் கதையைத்தான் சொல்லும் என்பதால் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும், யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கல் மாதிரி விழ வேண்டும். ஏனென்றால் சிகிச்சையே இல்லாமல் தானாக வெளியே வருகிறவர்களும் உண்டு, அவர்களையும் சேர்த்துக்கொண்டு எங்கள் சாதனை என்றால் அது பொழுது விடிந்ததற்குச் சேவல் பெருமைப்படுவதுதான்.

தானாக வருவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மையத்து இயக்குநர் விழாவில் வியட்நாம் கதை சொன்னார். போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே போதைக்கு அடிமையானார், ஊர் திரும்பியதும் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள், ஆகவே மன உறுதி இருந்தால் போதும் என்றார். கதை நிஜம்தான். லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1970களில் அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டும் சிறுநீரைச் சோதித்தும் எழுதியது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் அந்தச் சிப்பாய் போதை கிடைத்த இடத்தையும் போரையும் கூட்டாளிகளையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். என் தம்பி திரும்பி வந்தது அதே அறைக்கு, அதே போனில் அதே நம்பர்கள். அந்தக் கதையிலிருந்து மன உறுதி என்ற பாடத்தை எடுத்தவர், இடம் மாறியதை எப்படித் தாண்டிப்போனார் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, மருந்து. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா? இங்கே சுத்தமாக வெளியே அனுப்புகிறோம்" என்பது மையத்தின் கொள்கை, சுவரிலும் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் மெதடோனை, அதாவது ஹெராயின் வகையையே சேர்ந்த, ஆனால் ஏக்கத்தை அடக்கிவைக்கும் மருந்தை, ஹெராயின்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து ஆய்வு வெளியிட்டது 1965. அறுபது வருடம் ஆகிறது. மெதடோனும், அதே வேலையைச் செய்யும் பூப்ரினார்ஃபினும் 2005இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. என்னைப் புரட்டிப்போட்டது ஸ்வீடனில் நடந்த ஒரு சின்ன ஆய்வு, 2003இல் வந்தது. மொத்தமே 40 பேர். எல்லோருக்கும் ஆலோசனை, கவனிப்பு எல்லாம் ஒன்றுதான். 20 பேருக்குத் தினமும் பூப்ரினார்ஃபின், 20 பேருக்கு ஆறு நாள் மட்டும் குறைத்துக் குறைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஒரு வருடம் கழித்து மருந்து வாங்கியவர்களில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இன்னொரு பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. நான்கு பேர் இறந்திருந்தார்கள். "சுத்தமாக வெளியே அனுப்புகிறோம்" என்பது அந்த இன்னொரு பக்கம்தான்.

நாற்பது பேர் போதாது என்பவர்களுக்கு, பல நாடுகளின் கணக்கைச் சேர்த்து 2017இல் வந்த தொகுப்பு இருக்கிறது: மெதடோனில் இருக்கும்போது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 11.3 மரணம், அதை விட்ட பிறகு 36.1. பூப்ரினார்ஃபினில் 4.3, விட்ட பிறகு 9.5. விட்ட முதல் நான்கு வாரம் ரொம்ப மோசம். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் மருந்து கேட்ட தம்பியிடம் "கோழை" என்று சொன்னது நான்.

எல்லாப் போதைக்கும் இது பொருந்தாது. மெத் (மெத்தாம்ஃபெட்டமின்), கோக்கெய்ன் பழக்கத்துக்கு இப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. அங்கே எடுபடுவது கேட்டால் சிரிப்பு வரும் ஒரு முறை, பரிசோதனையில் சுத்தமாக வந்தால் கூப்பனோ சின்னப் பரிசோ கொடுப்பது. சாக்லேட் கொடுத்துக் குழந்தையைப் பழக்குவது மாதிரி இருக்கிறதே என்று பலர் முகம் சுளிக்கிறார்கள், ஆய்வுகள் அந்தப் பக்கம்தான் பேசுகின்றன. குடிக்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற மருந்துகள் உண்டு. பலன் சுமார்: பன்னிரண்டு பேருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகக் கடும்குடிக்குத் திரும்பாமல் தப்பிக்கிறார் என்பது 2014இல் வந்த கணக்கு. கேட்க அற்பமாக இருக்கும், மருத்துவத்தில் அது மோசமான எண் இல்லை.

ஒரு விஷயத்தில் மையத்தை நான் தப்பாக எடைபோட்டேன். சாயங்காலம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பாணியில் பன்னிரண்டு படிக் கூட்டம் நடக்கும், பழைய குடிகாரர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். வெறும் பஜனை என்று நினைத்தேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகள், 10,565 பேர் கொண்ட தொகுப்பு ஒன்றை 2020இல் வெளியிட்டிருக்கிறது. இந்தக் கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையில் ஒரு வருடம் கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35. அடுத்த கட்டில் பெரியவர் இன்னும் அந்தக் கூட்டத்துக்குப் போகிறாராம். அவருக்கு அந்த இடம் 4 நட்சத்திரம் இடமாக இருக்கலாம். அது குடிக்கான ஆதாரம், ஹெராயினுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது, மையம் அதைத்தான் செய்தது: எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை.

இப்போது தம்பி போவது வேறோர் இடம், வெளிநோயாளி கிளினிக். சுவரில் எண் எதுவும் இல்லை, பெயின்ட் உரிந்திருக்கிறது. முதல் நாள் டாக்டர் ஒரு மணி நேரம் கேட்டார்: எவ்வளவு எடுக்கிறாய் என்பதோடு நிற்காமல் தூக்கம், வேலை, வழக்கு ஏதாவது உண்டா, யாரோடு இருக்கிறாய், கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தாய் என்றெல்லாம். மருந்தை உடனே கொடுக்கவில்லை, நடுக்கமும் கொட்டாவியும் வரட்டும், அதற்கு முன்னால் கொடுத்தால் இந்த மருந்தே வேதனையைக் கிளப்பிவிடும் என்று சொல்லி உட்கார வைத்தார். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும்வரை வாயை மூடிக்கொண்டு, பேசாமல், எச்சில் விழுங்காமல். நான் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அவன் முகம் எப்படி இருந்தது என்றால், போதையில் இருக்கும் முகமும் இல்லை, ஏங்கும் முகமும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருத்தன் முகம். எத்தனையோ வருடம் கழித்து அதைப் பார்த்தேன்.

உங்கள் வெற்றி விகிதம் என்ன என்று இந்த முறை மறக்காமல் கேட்டேன். "நிறைய பேர் பாதியில நின்னுடறாங்கம்மா. நின்னவங்களுக்கு நாங்க போன் பண்றோம், திட்டாம திரும்பக் கூப்பிடறோம். அதான் எங்க வேலையில பாதி" என்றார் டாக்டர். மறுபடி விழுந்தால் என்ன என்றதற்கு, ரத்த அழுத்த நோயாளி மாத்திரையை விட்டு அழுத்தம் ஏறினால் மாத்திரை வேலை செய்கிறது என்று சொல்வீர்கள், இங்கே மட்டும் சிகிச்சை தோற்றுவிட்டது என்கிறீர்களே என்று கேட்டார். இந்த வாதத்தை 2000ஆம் ஆண்டிலேயே நான்கு ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்: மறுபடி விழுவது போதையில் 40 முதல் 60 சதவீதம், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் 50 முதல் 70. அந்தக் கட்டுரையைத் தேடிப்பிடித்துப் படித்துவிட்டுத்தான் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கிளினிக்குக்கு 4. ஒன்றைக் குறைத்தது வரிசைக்காக. முதல் மாதங்களில் தினமும் நேரில் போய் அவர்கள் கண்ணெதிரே மருந்தை எடுக்க வேண்டும், வேலைக்குப் போகிறவனுக்கு அது பெரிய தொல்லை, இரண்டு முறை வேலையே போயிருக்கும். கவுன்சிலர் அடிக்கடி மாறுகிறார், ஒவ்வொருவரிடமும் விபத்திலிருந்து கதையை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நாலாக்ஸோன் ஸ்பிரேயை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள், எப்படி அடிப்பது என்று அம்மாவுக்கும் காட்டினார்கள். அது அலமாரியில் சான்றிதழுக்கு முன்னால் நிற்கிறது.

எங்கே சேர்ப்பது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் கேட்க வேண்டியது, உங்கள் எண்ணில் பாதியில் போனவர்கள் இருக்கிறார்களா, யாரைக் கேட்டு எழுதினீர்கள், மருந்து கொடுப்பீர்களா, இல்லை என்றால் ஏன், வெளியே வந்த இரண்டாவது வாரம் யார் போன் செய்வார்கள். எங்கள் மையத்தில் இதில் ஒன்றுக்கும் பதில் இருந்திருக்காது. ஆனால் கேட்டிருந்தால் எனக்காவது தெரிந்திருக்கும்.

போன மாதம் அந்த மையத்திலிருந்து ஒரு வருடக் கணக்குக்காக மறுபடி போன் வந்தது, அதே பெண் குரல். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "நாலு தடவை விழுந்தான்மா. ஒரு தடவை செத்துப் பிழைச்சான். இப்ப வேற இடத்துல மருந்து குடுக்கிறாங்க, அஞ்சு மாசமா வேலைக்குப் போறான்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, "அம்மா, இதுல ஆமா, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு, எதுல போட?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "பக்கத்துல இடம் இருக்கும்ல, அதுல நான் சொன்னதை எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் எழுதி முடிக்கும்வரை மெதுவாக முதலிலிருந்து மறுபடி சொன்னார்.